900 டாலரில் நின்றுபோகும் பட்டம்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இருக்கும் ஜார்ஜியா ஸ்டேட் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். படிப்பவர்களில் பாதிக்கு மேல் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். செமஸ்டர் தொடங்கியதும் அங்கே ஒரு பட்டியல் தயாராகும். கட்டணத்தை முழுதாகக் கட்டாதவர்களின் பட்டியல். கெடு தாண்டினால் வகுப்பிலிருந்து பெயர் நீக்கம். இப்படி ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆயிரம் பேருக்கு மேல் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டியலை ஒருமுறை ஊன்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பலர் கடைசி வருடத்துக்காரர்கள். படிப்பில் குறை இல்லை. பாக்கிதான் குறுக்கே நின்றது, அதுவும் பெரிய தொகை இல்லை.

2011-இல் பல்கலைக்கழகமே அந்தப் பாக்கியைத் தீர்க்க ஆரம்பித்தது. மாணவர் மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அலுவலகமே ஆளைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டுச் சொல்லும். சராசரி உதவி சுமார் 900 டாலர். அதைப் பெற்ற கடைசி வருட மாணவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் இரண்டே செமஸ்டரில் பட்டம் வாங்கிவிட்டார்கள். இதை தர்மகாரியம் என்று நினைத்துவிட வேண்டாம். மாணவர் நின்றுபோனால் அடுத்த செமஸ்டர் கட்டணமும் சேர்ந்து போகும். 900 கொடுத்து ஆயிரங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் கணக்கு அது.

கல்லூரிச் சேர்க்கையை இப்படிக் கணக்குப் போட்டு நடத்தும் வழக்கத்துக்கு அரை நூற்றாண்டு வயது. 1970-களில் பணமுடையில் இருந்த பாஸ்டன் கல்லூரியில் சேர்க்கைப் பொறுப்புக்கு வந்தவர் ஜாக் மகுவயர், இயற்பியல்காரர். விளம்பரம், சேர்க்கை, உதவித்தொகை, இடைநிற்றல் என்று தனித்தனியாகக் கிடந்தவற்றை ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். 1976-இல் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்: சேர்க்கை மேலாண்மை. அதன்பின் அது பெரிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பெரும்பாலும் புதிய மாணவரைப் பிடிக்கத்தான் பயன்பட்டது. உள்ளே வந்தவர் என்ன ஆனார் என்ற கேள்வி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

ஜார்ஜியா ஸ்டேட்டில் 2003-இல் ஆறு வருடத்துக்குள் பட்டம் பெறுவோர் 32 சதவீதம் என்ற நிலைமை. இதைக் கையில் எடுத்தவர் டிம் ரெனிக், மதவியல் பேராசிரியர். 2012-இல் அவர் குழு பத்து வருட மதிப்பெண்களைத் துருவியது. சுமார் 25 லட்சம் மதிப்பெண்கள். அதிலிருந்து 800 அபாய அறிகுறிகள் கிடைத்தன. ஓர் உதாரணம் போதும். அரசியல் அறிவியல் எடுத்தவர் முதல் பாடத்தில் ‘ஏ’ அல்லது ‘பி’ வாங்கினால் பெரும்பாலும் கரை சேர்ந்துவிடுகிறார். ‘சி’ வாங்கினால் நால்வரில் ஒருவர்தான் தேறுகிறார். ‘சி’ என்பது பாஸ். அதனால் அதுவரை யாரும் கூப்பிட்டு விசாரித்ததில்லை, மேல்நிலைப் பாடத்துக்கு நேராக அனுப்பிவைத்தார்கள். இப்போது அந்த ‘சி’ விழுந்ததுமே ஆலோசகருக்குத் தகவல் போகிறது, அவர் மாணவரைக் கூப்பிடுகிறார்.

கம்ப்யூட்டர் சாதித்தது என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 700 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்றிருந்ததை மாற்ற, 42 பேரைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். எச்சரிக்கை மணி அடிக்கும்போது எடுத்துப் பேச ஆள் இல்லாவிட்டால் மணியால் என்ன லாபம்?

இன்னொரு ஓட்டை கோடை விடுமுறையில். இடம் கிடைத்து, வருகிறேன் என்று சொன்னவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வகுப்பு தொடங்கும்போது காணாமல் போயிருந்தார். நிதியுதவிப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது, தடுப்பூசிச் சான்றிதழை எங்கே அனுப்புவது என்பதிலேயே பலர் சிக்கிக்கொண்டார்கள். வீட்டில் கல்லூரி பார்த்தவர் இல்லை. அலுவலகமோ ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். 2016-இல் ‘பவுன்ஸ்’ என்ற சாட்பாட் வந்தது. முதல் கோடையிலேயே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட குறுஞ்செய்திகளுக்கு அது பதில் சொன்னது. காணாமல் போனவர் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 32 சதவீதமாக இருந்த பட்டம் பெறுவோர் விகிதமும் பதினைந்து வருடத்தில் 50-ஐத் தாண்டியது.

அதே 2016-இல், மேரிலாந்தில் மவுன்ட் செயின்ட் மேரீஸ் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் வேறு வழியில் கணக்குப் பார்த்தது வெளியே வந்தது. தலைவர் சைமன் நியூமன் நிதித்துறையிலிருந்து வந்தவர். முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். சரி தவறு கிடையாது, மனம்விட்டு எழுதுங்கள் என்றார்கள். மனச்சோர்வு, பணக்கஷ்டம் எல்லாம் அதில் இருந்தன. நோக்கம் வேறு. செப்டம்பர் 25-க்குள் போய்விடுபவர்கள் அரசுக்குத் தரும் எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். தேறாதவர்கள் என்று தோன்றும் 20, 25 பேரை அதற்குள் கிளப்பிவிட்டால் தக்கவைப்பு விகிதம், அதாவது படிப்பைத் தொடர்வோரின் பங்கு, நான்கைந்து சதவீதம் உயர்ந்துவிடும். கேட்ட பட்டியலைப் பேராசிரியர்கள் கொடுக்கவில்லை. மாணவர் பத்திரிகையான ‘மவுன்டன் எக்கோ’ செய்தியை வெளியிட்டது. அதற்கு ஆலோசகராக இருந்த பேராசிரியர் உட்பட இருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள், கண்டனம் வெடித்ததும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பிப்ரவரி 29-இல் நியூமன் பதவி விலகினார்.

யார் தடுமாறுவார்கள் என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வேலைதான் இரண்டு இடத்திலும் நடந்தது. ஓரிடத்தில் அந்தப் பட்டியல் ஆலோசகரின் மேஜைக்குப் போனது. மற்ற இடத்தில் வாசலுக்கு வழிகாட்டத் தேவைப்பட்டது. தக்கவைப்பு விகிதம் உயர்ந்தது என்று ஒரு கல்லூரி சொல்லும்போது, அது எத்தனை ஆலோசகர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.