காலியான தொட்டி மிதக்கும்

கொல்கத்தாவில் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் பிடிக்கும். அதை ஒட்டிய நியூ டவுனிலிருந்தும் ராஜர்ஹாட் பக்கமிருந்தும் வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: செப்டிக் டேங்கை மழைக்கு முன்பே சுத்தம் செய்வதா, மழையில் நிரம்பி வழிந்தால் கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுவதா?

மழைக்கு முன்பே செய்யுங்கள். மழைக்கு நடுவே அடிவரை உறிஞ்சச் சொல்வதுதான் ஆபத்து.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது அரசு அறிவுரை. எந்த மாதத்தில் என்று சொல்வதில்லை. வயலும் சதுப்புமாக இருந்த தாழ்நிலத்தை மேடாக்கி எழுப்பிய ஊர் நியூ டவுன். அடியில் தடித்த களிமண் இருப்பதால் நீர் எளிதில் இறங்காது. ஊரின் நீரை வடிக்கும் பாக்ஜோலா கால்வாய் கிழக்கே குல்டி ஆற்றை நோக்கிப் போகிறது. அங்கே கடல் ஓதம் ஏறும் நேரத்தில் வடிவது மந்தம். ஆக, மழைக்காலத்தில் தொட்டியைச் சுற்றி நிலமே நீராகிவிடுகிறது.

அந்த நேரத்தில் 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் காலி செய்கிறீர்கள். வெளிநீர் கழுத்துவரை நின்றால் அது தொட்டியை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 2 டன். தொட்டியின் எடை 100 கிலோ தேறினால் அதிகம். அதுவரை உள்ளிருந்த கழிவுநீர்தான் நங்கூரம். அதை லாரி கொண்டுபோய்விட்டது. மிச்சம் மேலே கொட்டிய மண், அதுவும் சேறு. தொட்டி முழுதாக எழும்ப வேண்டியதில்லை. ஓர் அங்குலம் அசைந்தாலே குழாய் இணைப்பு விட்டுப்போகும். கட்டிய தொட்டி கனமானது, ஆனால் அதன் தரை மேல்நோக்கி வெடிக்கலாம்.

வெடிக்காவிட்டாலும் சீக்கிரமே மறுபடி நிரம்பும், ஏனெனில் தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் சோக் பிட்டில் தேங்கிய நீர் உள்ளே திரும்பும். காசு கொடுத்து மழைத் தண்ணீரை லாரியில் அனுப்பியதுதான் மிச்சம். அரசுத் தாளில் செப்டிக் டேங்க் என்றால் நீர் கசியாத, அறைகள் பிரித்த தொட்டி. நடைமுறையில் அடி பூசாத செங்கல் குழியையும் அதே பெயரில் எழுதிக்கொள்கிறார்கள். அதில் நிலத்தடி நீர் கீழிருந்தே ஏறும்.

மழையில் வேறு வழியே இல்லையென்றால் பாதிக்கு மேல் எடுக்க விடாதீர்கள். கோடையில் எடுத்தாலும் உடனே நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள்.

பேஸ்மென்ட்டையும் இதே விசைதான் தாக்குகிறது. பேஸ்மென்ட் தரையைவிட 1 மீட்டர் உயரத்தில் வெளிநீர் நின்றால் அந்தத் தரையில் சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம். உட்புறம் அடித்த ‘வாட்டர் புரூஃப்’ பூச்சு அதைத் தாங்காமல் உரியலாம். விற்பவர் இதைச் சொல்லமாட்டார். பேஸ்மென்ட்டில் தேங்கும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்பை இன்வெர்ட்டரில் இணையுங்கள். 2025 செப்டம்பர் 23 அதிகாலை கொல்கத்தாவில் சுமார் 250 மி.மீ. கொட்டியபோது மின்சாரம் தாக்கியே பலர் இறந்தார்கள். ஆகவே வெள்ளம் வந்தால் மின்சாரத்தை நிறுத்தியே ஆக வேண்டும், அப்போதும் பம்ப் ஓட வேண்டும்.

பேஸ்மென்ட் தரைவடிகாலைக் கழிவுக் குழாயில் சேர்க்கலாமா? கூடாது, தாழ்ந்த வாய் அதுதான், கழிவு அங்கேதான் பொங்கும். சேர்த்தாயிற்று என்றால், கழிவு திரும்பி வராமல் தடுக்கும் நான்ரிட்டர்ன் வால்வு பொருத்துங்கள்.

பாக்டீரியா பொடி? தேவையில்லை, தொட்டியிலேயே போதுமான கிருமிகள் உண்டு.

தொட்டிக்குள் ஆளை இறக்கலாமா? கூடாது. பாதுகாப்பின்றி இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். கொல்கத்தா உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் சாக்கடையைக் கையால் சுத்தம் செய்வதை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று உத்தரவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 2 அன்று நகரின் கிழக்கே பான்டாலா தோல் வளாகத்தில் பாதாளச் சாக்கடைக் குழியில் மூவர் இறந்தார்கள்.

தொட்டி மூடிமேல் கார்? நிறுத்தாதீர்கள்.