அருள்வாக்குப் பெட்டியும் இருவகைக் கணிப்பொறிகளும்

குவாண்டம் கணிப்பொறி நாம் வழங்கும் கணிப்பொறியைவிட ஆற்றல் மிக்கது என்று பலரும் கூறக் கேட்கிறோம். அதற்குச் சான்று யாது? சாதாரணக் கணிப்பொறியால் ஒரு கணக்கை விரைந்து செய்ய இயலாது என்று நிறுவ வேண்டுமாயின், இனி எவரேனும் கண்டுபிடிக்கக்கூடிய வழிகளையும் சேர்த்து விலக்கிக் காட்டவேண்டும். அஃது எளிதன்று. ஆகவே அறிஞர்கள் ஒரு சுற்றுவழியை நாடினர்.

பூட்டிய பெட்டி ஒன்றை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஓர் எண்ணை உள்ளே அனுப்பினால் ஒரு விடை வரும். அது எவ்வாறு வந்தது என்பதைப் பெட்டி சொல்லாது. இதனை ‘ஆரக்கிள்’, அதாவது அருள்வாக்கு, என்பர். 1939இல் வெளியான கட்டுரையில் ஆலன் டூரிங் இக்கருத்தைப் புகுத்தினார். பெட்டியைத் திறக்க வழியில்லை; எனவே எத்தனை வினாக்கள் தேவை என்பதை மட்டும் எண்ணினால் போதும்.

டேனியல் சைமன் 1994இல் வெளியிட்ட புதிரைப் பார்ப்போம். 0, 1 என்னும் குறிகளாலான 100 இலக்க எண்களைப் பெட்டி ஏற்கும். உள்ளே ஓர் இரகசியக் கோலம் உண்டு. அக்கோலத்தில் 1 நிற்கும் இடங்கள் அனைத்திலும், அங்கு மட்டுமே, வேறுபடும் இரண்டு எண்களுக்கு ஒரே விடை வரும். ஏனையவற்றின் விடைகள் வெவ்வேறு. கோலத்தைக் காணவேண்டும். சாதாரணக் கணிப்பொறி, ஒத்த விடைகள் இரண்டு அகப்படும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஏறத்தாழ ஆயிரம் லட்சம் கோடி வினாக்கள்! குவாண்டம் கணிப்பொறிக்கு நூற்றுச் சொச்சம் போதும். அது எல்லா விடைகளையும் ஒருங்கே படித்துவிடுகிறது என்று சிலர் எழுதுவது பிழை. படிக்கக் கிடைப்பது ஒவ்வொரு முறையும் ஒன்றே. ஆனால் படிப்பதற்கு முன், நீரலைகள் மோதி ஒன்றையொன்று அழிப்பதுபோல், பொருந்தாத விளைவுகள் அழிந்துவிடுகின்றன. எஞ்சுவது கோலத்தைப் பற்றிய ஒரு துப்பு.

எனினும் குவாண்டம் முறைக்கும் எல்லை உண்டு. ஒழுங்கின்றி அடுக்கிய பத்து லட்சம் சீட்டுகளில் குறித்த ஒன்றைத் தேட, லவ் குரோவர் 1996இல் கண்ட முறைக்கு ஏறக்குறைய 800 வினாக்கள் வேண்டும். வேறெந்தக் குவாண்டம் முறையும் இதனினும் பெரிதாக விஞ்ச இயலாது என்பதும் பெட்டியைக் கொண்டே நிறுவப்பட்டது.

பெட்டியின் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம்? எளிதில் சரிபார்க்கக்கூடிய விடைகளை எளிதில் கண்டுபிடிக்கவும் இயலுமா என்பது இத்துறையின் பெரும் புதிர். ஒரு பெட்டி துணையிருந்தால் இயலும் என்றும், வேறொன்று இருந்தால் இயலாது என்றும் 1975இல் பேக்கர், கில், சோலவே ஆகிய மூவர் காட்டினர்!

சைமனின் கருத்தைப் பற்றிக்கொண்டு, பேரெண்களைக் காரணிகளாகப் பிரிக்கும் விரைவான குவாண்டம் முறையைப் பீட்டர் ஷோர் 1994இலேயே கண்டார். இரகசியச் செய்திகளைக் காக்கும் பூட்டுகள் பல அப்பிரிப்பின் அருமையையே நம்பியுள்ளன. ஆனால் பேரெண் பூட்டிய பெட்டியன்று. அதன் இலக்கங்கள் யாவும் நம் கண்முன்னே இருக்கின்றன. அவற்றைக் கொண்டு சாதாரணக் கணிப்பொறியே விரைந்து பிரிக்கும் வழி இல்லை என்று இதுகாறும் எவரும் நிறுவவில்லை.