குடியை விட்டவர்கள் கூடும் இடம்

மதுக்கடைக்கு வழி கேட்க வேண்டிய அவசியம் நம் ஊர்களில் எவருக்கும் நேர்வதில்லை. ஆனால் அதே ஊரில் குடியை விட்டவர்கள் வாரந்தோறும் கூடிப் பேசும் இடம் எங்கே இருக்கிறது என்று ஒரு மனைவியோ தகப்பனாரோ விசாரிக்கப் புறப்பட்டால், அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுமே என்ற சங்கோசம் ஒரு பக்கமும், யாரைக் கேட்பது என்ற திகைப்பு மற்றொரு பக்கமுமாக, மாதங்கள் கழிந்துவிடுகின்றன. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்று வழங்கும் சங்கம் இந்தியாவில் 1957 முதல் இருந்து வருகிறது. தேவாலயத்தை ஒட்டிய ஓர் அறையிலோ, மாலையில் காலியாகிவிடும் பள்ளி வகுப்பறையிலோ அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அங்கத்தினர் தம்மை ஊரறியச் சொல்லிக்கொள்வதில்லை என்பதை விரதமாகக் கொண்ட சங்கமாதலால், நாமாகத் தேடிச் சென்றால்தான் அதைக் காண முடியும்.

அந்தச் சங்கமே ஒரு தேடலில்தான் பிறந்தது. 1935 மே மாதத்தில், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் ஒரு வியாபார காரியமாக ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகருக்கு வந்து, அது தோல்வியில் முடிய, மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் தன்னந்தனியே நின்றார். குடியை விட்டு அவருக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு புறம் மதுக்கூடத்தின் கலகலப்பு அவரை அழைத்தது. மறுபுறம் ஒரு தொலைபேசியும், அவ்வூர்த் தேவாலயங்களின் பட்டியலும் இருந்தன. தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரனோடு பேசினாலன்றித் தாம் அன்று தப்ப முடியாது என்று உணர்ந்த அவர், ஒரு பாதிரியாரை அழைத்து, அவர் தந்த பெயர்களை ஒவ்வொன்றாக முயன்று, கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற மாதரசியை அடைந்தார். மறுநாள் மாலை அவர் இல்லத்துக்கு, பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியர், கால் மணி நேரத்துக்குமேல் இருக்க முடியாது என்ற நிபந்தனையோடு வந்தார். வந்தவர் இரவு பதினொரு மணிக்குமேலும் பேசிக்கொண்டிருந்தார்!

டாக்டர் பாப் குடியின் கேடுகளை அறியாதவரல்லர்; வைத்தியரான அவருக்கு அதைப்பற்றி உபதேசிக்க வேறொருவர் வேண்டியதில்லை. பில் உபதேசம் செய்யவுமில்லை. தம் வைத்தியர் சில்க்வொர்த் முன்பே எச்சரித்திருந்தபடி, குடியை ஒரு வியாதியாக வைத்துத் தம் சொந்த அனுபவத்தையே எடுத்துரைத்தார். பாப் கடைசியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் ஜூன் 10-ஆம் தேதியே சங்கத்தின் ஜன்ம தினமாகிவிட்டது. அதன்பின் அவ்விருவரும் சும்மா இருக்கவில்லை. ஆக்ரன் ஆஸ்பத்திரிக்குச் சென்று மூன்றாமவரைத் தேடினார்கள்.

இன்றைய கூட்டத்திலும் நடப்பது, பில் அன்று செய்ததுபோல் சொந்த அனுபவத்தை எடுத்துரைப்பதே. ஒருவர் எழுந்து தம் பெயரையும், தாம் ஒரு குடிநோயாளி என்பதையும் சொல்லித் தம் கதையைப் பேசுவார். குறுக்கே எவரும் புத்தி சொல்வதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கே தகுதி. சந்தா இல்லை, வெளியார் தரும் நன்கொடையும் ஏற்கப்படுவதில்லை. கடவுளைப் பற்றிய பிரஸ்தாபம் வருவதால் சிலர் தயங்குகிறார்கள். ஆனால் அவரவர் அறிந்த வகையில் கொள்ளும் கடவுள் என்றே சங்கத்தின் வழிமுறையான பன்னிரண்டு படிகள் பேசுகின்றன. இந்தச் சங்கத்தால் பயன் உண்டு என்பது நல்லெண்ணத்தால் சொல்லப்படும் புகழ்ச்சி மட்டும் அன்று: 27 ஆய்வுகளைச் சீர்தூக்கி 2020-இல் வெளியான காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, நோயாளியை முறையாக ஏ.ஏ. வழியில் செலுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில் மற்றப் பிரபல சிகிச்சைகளை விஞ்சுவதாகக் கண்டது.

ஆயினும் பல வருஷம் அளவின்றிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். சென்னையில், குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஸ்தாபனம் இருக்கிறது. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். அருகில் எந்தக் கிழமை, எங்கே கூட்டம் என்று இவ்விடங்களிலுள்ள ஆலோசகர்களைக் கூச்சமின்றிக் கேட்டுவிட வேண்டும். குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமானதா என்பதையும் கூடவே கேட்டுக்கொள்வது நலம். முதற்கூட்டம் பிடிக்காவிட்டால் வேறொரு குழுவுக்குப் போய்ப் பார்க்கலாம். குழுவுக்குக் குழு சுபாவம் வேறு. பெண் குடிநோயாளிகளின் சங்கடம் இன்னும் பெரிது. ஆடவரே நிறைந்த அறையில் நுழையத் தயங்குபவர்கள், தம்மோடு முதலில் தனித்துப் பேசக்கூடிய பெண் அங்கத்தினர் உண்டா என்று விசாரிக்கலாம்.

அவர் வர மறுக்கிறாரே, நாங்கள் என்ன செய்வது என்று கேட்கும் மனைவியருக்கும் இடம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் தோற்றுவித்த அல்-அனான், குடிப்பவருக்காக அல்லாமல் அவரோடு வாழ்பவருக்காகவே கூடுகிறது. வீட்டில் அவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே போகலாம்.