மருத்துவப் படிப்புக்கு முன்னே மருத்துவமனைப் பழக்கம்

மருத்துவம் படிக்க விரும்பும் பள்ளி மாணவர்கள், அப்படிப்பில் சேர்வதற்கு முன்பே சில நாள்களோ சில வாரங்களோ மருத்துவமனையில் இருந்து அங்கு நடப்பதைக் கண்டறியும் ஏற்பாடு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரும்பாலும் கோடை விடுமுறையில் நடைபெறுகிறது. கோடை என்று தனியொரு பருவம் இல்லாத மலேசியாவில் இதற்குரிய காலம், ஐந்தாம் படிவ மாணவர்கள் எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்து, அதன் முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களே ஆகும். அம்மாதங்களில் பகுதிநேர வேலைக்குச் சென்று குடும்பத்துக்கு உதவும் பிள்ளைகள் சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்தில் பலர் உள்ளனர், அது பாராட்டத்தக்கதே. ஆயினும் மருத்துவராக வேண்டுமென்று சொல்லும் பிள்ளைக்கு அக்காலத்தில் இரண்டு வாரமாவது நோயாளிகளுக்கு அருகில் கழிய வேண்டும்.

இவ்வகைப் பழக்கம் பந்திங் அமைந்துள்ள கோல லங்காட், அதையடுத்த கிள்ளான் ஆகிய மாவட்டங்களுக்குப் புதியதன்று. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கிய மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி மலேரியாவைக் கட்டுப்படுத்திய காலத்திலிருந்தே, இக்கரையோரத் தோட்டங்களின் நலம் தோட்ட மருத்துவமனைகளையும் அவற்றில் பணியாற்றிய மருத்துவ உதவியாளர்களையும் சார்ந்திருந்தது. தோட்டத்து மக்கள் 'டிரஸர்' என்றழைத்த அந்த உதவியாளர், புண்ணுக்குக் கட்டுப் போடுவது முதல் கொயினா கொடுப்பது வரை பெரும்பகுதியை மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் நின்று பார்த்தும் செய்தும் கற்றவர். 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் அவர்களது தொழிலை முறைப்படுத்தியது. அரசு மருத்துவ உதவியாளர்களுக்கான பதிவுச் சட்டம் 1977இல் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபின் டிரஸரும் மறைந்தார். அவரோடு, மருத்துவத் தொழிலைப் பிள்ளைகள் அன்றாடம் கண்ணால் கண்டு வளரும் வாய்ப்பும் குறைந்தது.

இன்றைய மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் பாதையோ மிக நீண்டது. மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். போன்ற முன்படிப்பு முடிந்து, மருத்துவப் பட்டத்துக்கு 5 ஆண்டுகளும், அதன்பின் 'ஹவுஸ்மேன்' எனப்படும் பயிற்சி மருத்துவராகக் குறைந்தது 2 ஆண்டுகளும் செல்கின்றன. அப்பயிற்சிக் காலத்தில் உள்மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் முதலிய துறைகளில் ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு ஒன்றாக மாறி மாறிப் பணியாற்ற வேண்டும். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையிலேயே அமர்த்தப்பட்டு வந்தனர் என்பதும், நிரந்தரப் பணி கோரி 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்தனர் என்பதும் பல பெற்றோருக்குத் தெரிந்தவையே. தனியார் கல்லூரியில் இப்படிப்புக்குப் பல லட்சம் ரிங்கிட் செலவாகிறது. ஊழியர் சேமநிதியை எடுத்தும் கடன் வாங்கியும் கட்டும் அப்பணத்தைப் பிள்ளை மூன்றாம் ஆண்டில் மனம் மாறி இழப்பதைக் காட்டிலும், தொடக்கத்திலேயே வார்டின் வாசனையையும் இரவுப் பணியின் களைப்பையும் கண்டு முடிவெடுப்பது எவ்வளவோ மேல்.

எதைக் காண்பது என்பதற்கு நீரிழிவு நோய் ஒன்றே போதும். 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. அரசாங்க கிளினிக்கில் நடக்கும் பாதப் பரிசோதனையில், நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையொன்றை உள்ளங்காலின் சில இடங்களில் தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்பார்கள். இழை வளைந்த பின்னும் நோயாளி பேசாதிருந்தால், அவ்விடத்தில் நரம்பு உணர்விழந்துவிட்டது என்று பொருள். காலில் ஆணி குத்தினாலும் அவருக்குத் தெரியாது. பாடநூலில் ஒரு வரியாக இருப்பதை இவ்வாறு ஒருமுறை பார்த்த மாணவர், புண் ஏன் முற்றுகிறது, கால் ஏன் துண்டிக்கப்படுகிறது, சிறுநீரகம் செயலிழந்தவர் ஏன் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் அமர்கிறார் என்பவற்றைத் தொடர்ந்து கேட்கத் தொடங்குவார். அப்பரிசோதனையைச் செய்பவர் பல வேளைகளில் மருத்துவர் அல்லர், தாதியோ மருத்துவ உதவி அதிகாரியோ ஆவார் என்பதையும் அம்மாணவர் அங்கேதான் அறிவார். மருந்தாளர், இயன்முறைச் சிகிச்சையாளர், ஆய்வகத் தொழில்நுட்பர் ஆகிய பணிகள் தமிழ்க் குடும்பங்களின் உரையாடலில் இடம்பெறுவதே அரிது. மருத்துவர் ஆக இயலாத பிள்ளை தோற்றுப்போனதாக எண்ணிக்கொள்வதற்கு இவ்வறியாமையும் ஒரு காரணம்.

பார்வையாளராகச் செல்லும் மாணவர் நோயாளியைத் தொடவோ ஊசி போடவோ கூடாது. நோயாளியின் ஒப்புதலின்றி அறையில் நிற்பதும், கைப்பேசியில் படமெடுப்பதும், பெயர் சொல்லி வெளியில் பேசுவதும் தவறு. பந்திங் மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் இடம் கேட்போர், பள்ளியின் கடிதத்துடன் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பதே முறை. இடம் கிடைக்காதோர் முதியோர் இல்லத்தில் தொண்டாற்றலாம்; பள்ளியில் பயிலும்போதே செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையிலோ சேர்ந்து முதலுதவி கற்பதும் பயன் தரும். சான்றிதழ் ஒன்றுக்காக மட்டும் செல்வோர் செல்லாதிருப்பதே நல்லது.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பந்திங்கிலும் கிளினிக் நடத்தும் தமிழ் மருத்துவர்கள் பலர் உள்ளனர். எஸ்.பி.எம். முடியும் ஒவ்வோராண்டும், அருகிலுள்ள பள்ளியிலிருந்து ஒரே ஒரு மாணவரையேனும், குறிப்பாக உறவில் மருத்துவர் எவரும் இல்லாத வீட்டுப் பிள்ளையை, இரண்டு வாரம் தம் கிளினிக்கில் அமர்த்திக்கொள்ள அவர்கள் முன்வர வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் அதற்கான கடிதத்தைத் தேர்வுக்கு முன்பே எழுதி அனுப்ப வேண்டும்.