பங்காளியா, தொழிலாளியா? கடற்றொழிலும் வேலைகொள்வோர் கடப்பாடும்

வேலைத்தலத்தில் விபத்தும் நோயும் நேராமற் காப்பது வேலைகொள்வோரின் கடப்பாடு என்பது இன்று கொள்கையளவில் ஏற்கப்பட்டதொன்று. எனினும், அக்கடப்பாடு எல்லாத் தொழில்துறைகளிலும் ஒரே வகையாக வளர்ச்சியடையவில்லை. மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியிலுள்ள இலுப்பைக்கடவை போன்ற கரையோர ஊர்களிலிருந்து நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

1937ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தைத் தழுவி இலங்கையில் இயற்றப்பட்டது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். ஆபத்தான இயந்திரங்களுக்கு மறைப்பிடல், காற்றோட்டம், தீயிலிருந்து தப்பும் வழி, விபத்தினை அறிவித்தல் ஆகிய கடமைகளை அது விதித்தது. ஆயின், தொழிற்சாலை என வரையறுக்கப்பட்ட இடமே அதன் எல்லை. ஐஸ் ஆலையின் இயந்திரம் அதன் பார்வைக்குட்பட்டது. அந்த ஐஸை ஏற்றிக் கடலுக்குச் செல்லும் வள்ளத்தின் இயந்திரம் உட்படவில்லை. ஆபத்தின் அளவன்று, உற்பத்தி நிகழும் இடமே கடப்பாட்டைத் தீர்மானித்தது.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கடற்றொழிலில் உழைப்போர் பலர் கூலி பெறுவதில்லை, பங்கு பெறுகின்றனர். 1903ஆம் ஆண்டு மன்னார் முத்துச் சிலாபத்தில் சிப்பிகளில் மூன்றிலிரண்டு பங்கு அரசுக்கும், எஞ்சியது குளித்தோர் தரப்பினருக்கும் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு சுறாவின் வாயைக் கட்டும் மந்திரகாரருக்கு ஊதியமளித்தமை குறிப்பிடத்தக்கது. அச்சம் நீங்கினாலன்றிச் சுழியோடிகள் கடலில் இறங்கார். அவர்கள் இறங்காவிடின் அரசுக்கு வருவாயுமில்லை.

இன்றைய பங்குமுறையிலும் எரிபொருள் முதலிய செலவுகளைக் கழித்த பின்னரே வருவாய் பகிரப்படுவது வழக்கம். உயிர்காப்பு அங்கியின் விலையும் அச்செலவிற் சேருமாயின், தன் உயிரைக் காக்கும் செலவின் ஒரு பகுதியைத் தொழிலாளியே ஏற்கிறான். ‘பங்காளி’ என்ற சொல் சமத்துவத்தைச் சுட்டுவதுபோற் தோன்றினும், வள்ளமும் வலையும் எவருடையவை என்ற வினாவை அது மறைத்துவிடுகின்றது.

பாதுகாப்பு நடவடிக்கைகளின் செலவு தொழிலாளர்மீது விழலாகாது என்பது சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்கச் சமவாயத்தின் விதி. 2022இல் அது அடிப்படைச் சமவாயங்களுள் ஒன்றாக்கப்பட்டது. முரண் யாதெனில், விலக்களிக்கத்தக்க துறைகளுக்கு அச்சமவாயம் காட்டும் உதாரணங்களுள் மீன்பிடியும் ஒன்றாகும். 2007ஆம் ஆண்டின் 188ஆம் இலக்கச் சமவாயமோ, பிடிபாட்டிற் பங்கு பெறுவோரையும் ‘மீனவர்’ என்னும் வரையறைக்குட் சேர்த்து, கலத்தின் உரிமையாளருக்கும் பொறுப்பு வகுத்தது.

பங்கு என்பது ஊதியத்தின் ஒரு வடிவமே என்னும் இவ்வேற்பிலேயே தீர்வின் தொடக்கம் உள்ளது. உழைப்பின் பயனில் உரிமை கொள்பவர் உழைப்பின் ஆபத்திலும் பொறுப்பேற்றாதல் வேண்டும். அப்பொறுப்பு கரையோடு முடிந்துவிடலாகாது.