மல்லர் பண்படுத்தும் மண்

இருவர் வாதுக்கு நின்றால், ‘கோதாவில் இறங்கிவிட்டனர்’ என்று ஊரார் கூறுவர். மராட்டிய நாட்டின் மற்கூடங்களைக் கண்டோர்க்கு இத்தொடரின் பொருத்தம் நன்கு விளங்கும். அங்கே மல்லர் பயிலும் களம் மேடையன்று. நிலத்தை அகழ்ந்து மண் நிரப்பிய குழி. அதற்குள் இறங்கியே பொருதல் வேண்டும். இத்தகைய களத்தை அமைப்பதற்கு எந்திரமோ பெரும்பொருளோ வேண்டியதில்லை. ஊர் இளைஞர் பத்துப் பேர் கூடினால் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளலாம். அமைத்தபின் அதனைக் காப்பதே பெரும்பாடு.

வடநாட்டில் இக்கூடத்தை அகாடா என்பர். மராட்டியர் தாலீம் என்பர். மழைநீர் தேங்காத மேட்டு நிலமே அதற்கு உகந்தது. அருகில் ஒரு கிணறும், நிழலுக்கு ஒரு வேப்பமரமும், அனுமாருக்கு ஒரு சிறு சந்நிதியும் இருத்தல் வழக்கம். குழியின் பரப்பு இடத்துக்கு இடம் வேறுபடும். இரண்டு மூன்று இணையர் ஒரே வேளையில் பயில்வதற்கு இருபதடிச் சதுரம் போதுமானது. முழங்காலளவு ஆழத்துக்குக் குறையாமல் தோண்டிக் கல்லையும் வேரையும் களைதல் வேண்டும். சுற்றிலும் கற்சுவர் நெருங்கி நிற்றல் ஆகாது. பிடி நழுவி விளிம்பில் உருளுகின்ற மல்லனின் தலைக்கு அதுவே பகையாகும்.

இனி மண்ணைப் பார்ப்போம். களத்தின் உயிர் அதுவே. வெறும் மணலிட்டால் தோலை உராய்ந்து புண்ணாக்கும். களிமண் மட்டும் இட்டால் காய்ந்தபின் கல்லைப் போல் இறுகும். ஆதலின் இரண்டுக்கும் இடைப்பட்ட, மென்மையான செம்மண்ணையோ வயல் மண்ணையோ தேர்ந்தெடுத்து, ஒரு பரலும் தங்காதவாறு சலித்து இடுவர். பின்னர் அதனுடன் எண்ணெய், மோர், மஞ்சள்தூள், காவிமண் முதலியவற்றைச் சேர்த்துப் பிசறுவர். சில கூடங்களில் வேப்பிலையும் எலுமிச்சஞ்சாறும் கற்பூரமும் சேர்வதுண்டு. அளவு எங்கும் ஒன்றாக இல்லை. ஒவ்வொரு கூடத்தின் ஆசானும் தம் வழக்கமே சிறந்தது என்பார்.

இவை யாவும் வெறும் சடங்குக்காகச் சேர்க்கப்படுவன அல்ல. எண்ணெய் நுண்டுகள்களைப் பிணைத்துப் புழுதி எழாமற் காக்கின்றது. மண் விரைவில் உலர்ந்து இறுகுவதையும் தடுக்கின்றது. மோர் ஈரமும் குளிர்ச்சியும் தருகின்றது. மஞ்சளும் வேம்பும் சிராய்ப்புகளில் நோய் பற்றாமற் காக்கும் என்பது மல்லரின் நம்பிக்கை. ஆயினும் அந்நம்பிக்கையை முற்றும் சார்ந்திருத்தல் தகாது. ஏற்புவலிக் கிருமியின் இயல்பான இருப்பிடம் மண்ணே. எத்துணை மஞ்சள் இட்ட களமாயினும், அதில் இறங்குவோர் அந்நோய்க்குரிய தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுதல் இன்றியமையாதது.

ஈரம் சரியாக உள்ளதா என்பதைக் கையாலேயே அறியலாம். ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும். விரலால் தட்டினால் உதிரவேண்டும். இப்பதம் தவறுவது சிறு குற்றமன்று. தூக்கி எறியப்படுகின்றவன் தன் உடற்பாரத்தோடு மட்டும் விழுவதில்லை. எறிந்தவனின் பாரமும் அவன்மேற் சேர்ந்தே விழும். கழுத்தோ தோளோ முதலிற் படும்போது, முறிவுக்கும் தப்புதலுக்கும் இடையே நிற்பது அந்தத் தளர்ந்த மண் ஒன்றுதான்.

ஆனால் இருவர் ஒருமுறை புரண்டெழுந்தாலே அம்மண் அமுங்கிவிடும். அதனாலேயே நாள்தோறும் பயிற்சிக்கு முன் களம் முழுவதையும் மண்வெட்டியாற் கொத்திப் புரட்டுகின்றனர். குனிந்து நின்று கனத்த மண்வெட்டியை ஓங்கி ஓங்கி வெட்டுதலால் முதுகும் தோளும் பிடிவலியும் உரம் பெறுகின்றன. ஆகவே களத்தைப் பண்படுத்துவதும் பயிற்சியின் ஓர் உறுப்பாயிற்று. கொத்தி முடிந்தபின் ஒரு கனத்த பலகையின்மேல் ஒருவன் ஏறி நிற்க, மற்றொருவன் அதனைக் கயிற்றால் இழுத்து நிலத்தைச் சமப்படுத்துவான். அதன்பின் ஊதுவத்தி ஏற்றி வணங்கி, ஒருவர்மேல் ஒருவர் மண்ணை அள்ளிப் பூசுவர். அது வாழ்த்தும் ஆகும். வியர்வையால் வழுக்கும் உடலைப் பற்றுதற்குத் துணையும் ஆகும்.

மராட்டிய மற்கலையின் தலைநகரெனத் தக்கது கோலாப்பூர். 1902 ஆம் ஆண்டு ஐரோப்பா சென்ற அந்நாட்டு மன்னர் சாகு மகாராசர், உரோமாபுரியின் பழைய வட்டரங்கைக் கண்டு வியந்து, தம் நகரில் காசுபாக் மைதானத்தை அமைத்தார். அங்கும் நடுவே அமைந்தது மண்களமே.

இம்மண்ணில் வளர்ந்தவர்க்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. உலகப் போட்டிகள் மெத்தைமேல், ஒன்பது மீற்றர் விட்டமுள்ள வட்டத்துள் நடைபெறுகின்றன. மண்ணிற் கால் புதையும். ஆட்டம் நின்று நிதானித்துச் செல்லும். மெத்தையிலோ கால் விரைந்து பாயும். புள்ளிகளும் நிமிடக் கணக்கும் வெற்றியை முடிவு செய்யும். கராட் நகரையடுத்த கோலேசுவர் என்னும் சிற்றூரிற் பிறந்த கசாபா யாதவ், 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பழகாத மெத்தையில் இறங்கி ஆறாமிடம் பெற்றார். நான்காண்டுகள் அயராது முயன்று, 1952 ஆம் ஆண்டு எல்சிங்கியில் வெண்கலப் பதக்கம் வென்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனியொருவர் ஈட்டிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. மற்போரில் அந்நாட்டுக்கு அடுத்த பதக்கம் கிட்ட 2008 வரை, ஐம்பத்தாறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இன்று பல கூடங்களில் மண்களத்தின் அருகே மெத்தையும் விரிக்கப்பட்டுள்ளது. அதனால் மண் கைவிடப்படவில்லை. ஊர்த் திருவிழாக்களில் பரிசுப்பணத்துக்கு நடைபெறும் போட்டிகள் இன்னும் மண்ணிலேயே நிகழ்கின்றன. 2019 ஆம் ஆண்டிலும் 2021 ஆம் ஆண்டிலும் கோலாப்பூர் மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது தாலீம்களுக்குள்ளும் நீர் புகுந்தது. இடைப்பட்ட 2020 இல் கொரோனாத் தொற்றினால் திருவிழாப் போட்டிகள் நின்றமையால் மல்லர் கையிற் பொருளும் இல்லை. வெள்ளம் ஊறிய மண் பயிற்சிக்கு உதவாது. அதனை வாரிக் கொட்டிவிட்டுப் புதுமண் கொணர்ந்து, சலித்து, எண்ணெயும் மோரும் மஞ்சளும் மீண்டும் முதலிலிருந்தே சேர்த்தல் வேண்டும்.