பேரப்பிள்ளையைப் பார்க்க வழி உண்டா?

"மக போயிட்டா, பேரனைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறாங்க." குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

தாத்தா பாட்டிக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அப்பா இருக்கும்போது, அவர் தகுதியற்றவர் என்று காட்டாமல் பிள்ளையைக் கேட்டு வாங்குவது கஷ்டம்தான். ஆனால், 'பார்க்க அனுமதி கொடுங்க' என்று மட்டும்கூட மனு போடலாம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. கோர்ட் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை.

கொரோனாவில் பெற்றோரை இழந்த ஒரு சிறுவனை, குஜராத் உயர்நீதிமன்றம் தாயின் சகோதரியிடம் கொடுத்தது. 2022-ல் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, அப்பாவைப் பெற்றவர்களிடம் ஒப்படைத்தது. வயசு, வருமானம் மட்டும் அளவுகோல் இல்லையாம்!

பிள்ளை வசிக்கும் ஊருக்குரிய குடும்பநல கோர்ட்டில் (இல்லாவிட்டால் மாவட்ட கோர்ட்டில்) மனு கொடுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், வக்கீல் இலவசம்.